பன்னிரண்டு பத்து வரை சப்தமி

பிள்ளையார் முந்தியா, பிள்ளையாருடைய அப்பா அம்மா கல்யாணம் முந்தியா? மணப்பாறையிலிருந்து ஒருவர் இன்லண்ட் லெட்டரில் கேட்டிருக்கிறார். இந்தக் காலத்திலும் இன்லண்ட் லெட்டர் வாங்கி எச்சில் தொட்டு ஒட்டுகிற மனிதர். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவராம், பெயர் சின்னக்கண்ணு. சிவன் பார்வதி கல்யாணத்தில் முதலில் கணபதிக்குப் பூஜை செய்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது, அந்தக் கல்யாணம் நடந்த பிறகுதானே கணபதியே பிறந்தார், பிறக்காத பிள்ளைக்கு யார் எப்படிப் பூஜை செய்தார்கள் என்று கேட்டுவிட்டு, அதோடு விடாமல், அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். 'தயவுசெய்து கல்பபேதம் என்று பதில் போட வேண்டாம். பரசுராமர் எப்படி ராமர் காலத்திலும் இருந்தார், பாரத யுத்த காலத்திலும் இருந்தார் என்று கேட்டதற்கும் அதையே போட்டீர்கள். இரண்டில் எது நிஜம் என்று மட்டும் சொல்லவும்.' லைன்மேன் இல்லையா, எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது என்று தெரியாமல் அவரால் கை வைக்க முடியாது. நான் இருபத்திரண்டு வருஷமாக எல்லாக் கம்பியிலும் கை வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்திப் பத்திரிகையில் மாதம் பத்துக் கேள்வி, பத்துப் பதில், கீழே 'பௌராணிகர்' என்று கையெழுத்து. என் நிஜப் பெயர் பிரணதார்த்திஹரன், அதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள், பாதிப் பத்தி போய்விடும். கல்பபேதம் என்றால் இவ்வளவுதான், பிரம்மாவுக்கு ஒரு பகல் என்பது ஒரு கல்பம், ஒவ்வொரு கல்பத்திலும் உலகம் புதிதாக உண்டாகி அதே கதைகள் கொஞ்சம் முன்பின்னாக மறுபடி நடக்கும், ஆகவே ஒரு புராணம் ஒரு கல்பத்தில் நடந்ததைச் சொல்கிறது, இன்னொன்று வேறு கல்பத்தில் நடந்ததைச் சொல்கிறது, இரண்டும் சரி, யாரும் பொய் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்ததல்ல, பெரியவர்கள் சொல்லிவைத்ததுதான். ஆனால் இதை என்னைப்போல் தாராளமாகச் செலவழித்தவன் இருக்க மாட்டான். மணி பத்தே முக்கால். திருச்சி வெயில் மாசியிலேயே ஜன்னல் கம்பியைப் பழுக்கவைத்துவிட்டது. மேஜையில் கடிதம் ஒரு பக்கம் இருக்கிறது, போன் ஒரு பக்கம் இருக்கிறது, நான் கடிதத்தையே பார்க்கிறேன்.

போனைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் கடிதத்தைப் பார்க்கிறேன், அது எனக்குத் தெரியும். போனில் ஹரீஷ் வாத்தியாரின் குரல் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை கேட்டாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு இத்தனை காலம் தெவசம் பண்ணிவைத்த ஜம்பு வாத்தியார் புரட்டாசியில் போய்விட்டார். இந்தப் பையன் அவருடைய தங்கை பிள்ளை, இருபத்தாறு வயது, காதில் ஒயர் இல்லாமல் ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறான், சுறுசுறுப்பு, எதையும் விட மாட்டான். 'மாமா, நமஸ்காரம், ஹரீஷ் பேசறேன். ஜம்பு மாமா நோட்டுல உங்க அப்பாவுக்கு மாசி கிருஷ்ணபக்ஷ சப்தமின்னு எழுதி, அதை அடிச்சு, மேல அஷ்டமின்னு போட்டிருக்கார். எது மாமா? அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தேன். அன்னிக்குப் பகல் பன்னண்டு பத்து வரைக்கும் சப்தமி, அப்புறம் அஷ்டமி. அப்பா போன டயம் கரெக்டா சொல்லிடுங்கோ. சப்தமின்னா புதன்கிழமை, அஷ்டமின்னா வியாழக்கிழமை. பன்னண்டு மணிக்குள்ள சொன்னேள்னா சமையல் மாமியையும் பிராமணாளையும் இன்னிக்கே சொல்லி வச்சுடுவேன்.' எது மாமா என்று கேட்கும்போது குரலில் சந்தேகம் எதுவும் இல்லை, கட்டம் பூர்த்தி செய்கிறவனின் குரல்தான். ஆனால் நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஜம்பு வாத்தியார் முதலில் சப்தமி என்று எழுதியிருக்கிறார். நான் அவரிடம் சப்தமி என்று சொல்லவேயில்லை. நான் சொன்னது அஷ்டமிக்கான நேரம், மத்தியானம் ஒன்று இருபது. பதினோரு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். அப்பா மத்தியானம் ஒன்று இருபதுக்கு, என் மடியில், நான் விட்ட காசி தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு போனார். இதில் அப்பா போனார் என்பது மட்டும்தான் நிஜம். அவர் போனது பதினொன்று இருபதுக்கு, பக்கத்தில் இருந்தது என் மனைவி லோகா, தீர்த்தம் விட்டதும் அவள்தான். நான் வீட்டு வாசலில் கால் வைத்தது ஒரு மணிக்கு. பதினோரு தெவசம், பதினொன்றையும் தப்பான திதியில் பண்ணியிருக்கிறேன். அவர் வருகிற நாளில் வீட்டில் இலை போடவில்லை, மறுநாள் போட்டேன். அப்பாவுக்கு, அதுவும் எங்கள் அப்பாவுக்கு, ஒரு நாள் தாமதமாக.

மெஹரு உள்ளே வந்து நிற்கிறாள். பக்கம் கட்டுகிற பெண், மெஹருன்னிசா. எங்கள் பத்திரிகையின் அத்தனை சாமி படமும் அவள் கையால்தான் நேராக நிற்கிறது. 'சார், பதினாறாம் பக்கம் பாதி காலியா கெடக்கு. ஒரு மணிக்கு பிரஸ்ஸுக்கு ஃபைல் போவணும்.' தரேம்மா என்றேன். கடிதத்தை எட்டிப் பார்த்தாள். 'இதுக்கு என்ன சார் யோசனை, வழக்கமா போடறதைப் போட்ருங்க. எங்க வீட்ல நான் பொறந்த அன்னிக்கு அடைமழைன்றாரு எங்க அத்தா, மண்டை பொளக்கற வெயில்ன்றாங்க எங்க அம்மா. ரெண்டு பேரும் கட்டிப்பொரண்டு சண்டை. நான் கல்பபேதம்னு சொல்லி முடிச்சு வச்சுட்டேன்.' சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்குச் சரி. அவள் பிறந்தாயிற்று, மழையானால் என்ன வெயிலானால் என்ன. நான் பேனாவை எடுக்கிறேன், 'அன்புள்ள சின்னக்கண்ணு அவர்களுக்கு' என்று எழுதுகிறேன், நிற்கிறது. கணபதி அநாதி, பிறப்பில்லாதவர், பார்வதிக்குப் பிள்ளையாக வந்தது பிறகு எடுத்த ஒரு வேஷம் என்று ஆரம்பிக்கலாம். ஒப்புக்கொள்ள மாட்டார். எது நிஜம் என்பார். ஜாம்பவானைச் சொல்லலாமா, வாமனன் உலகளந்தபோது பறையடித்துக்கொண்டு சுற்றி வந்தவர், ராமரோடு கடற்கரையில் நின்றவர், கிருஷ்ணனோடு குகையில் இருபத்தெட்டு நாள் மல்லுக்கட்டியவர், ஒரே கரடி, எத்தனை யுகம், அவருக்கு அலுத்திருக்காதா. இல்லை, ககுத்மியைச் சொல்லலாம். ககுத்மி ஒரு ராஜா. மகள் ரேவதிக்கு நல்ல மாப்பிள்ளை கேட்பதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் போனான். அங்கே பாட்டு நடந்துகொண்டிருந்தது. நடுவில் பேசுவது மரியாதை இல்லையே என்று முடியும் வரை ஓரமாக நின்றான். முடிந்ததும் பட்டியலை நீட்டினான். பிரம்மா சிரித்தார். நீ நின்ற நேரத்தில் பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் ஓடிவிட்டது, இந்தப் பட்டியலில் இருக்கிறவர்களுடைய பேரன்மார் பெயர்கூட இப்போது யாருக்கும் தெரியாது என்றார். இதைப் பதிலில் எழுதும்போதெல்லாம் நான் காலத்தின் விசித்திரம் என்று எழுதுவேன். விசித்திரம் என்ன விசித்திரம். நேரத்துக்குப் போகாத ஒருவன் கதை அது. அவன் திரும்பி வந்தபோது வீட்டில் யார் செத்திருந்தார்கள், யார் அவனைக் கேட்டுக்கொண்டே செத்தார்கள் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று விட்டிருப்பார்கள்.

அன்றைக்கும் இதே மேஜைதான். பத்து மணிக்கு லோகா போன் செய்தாள். 'மூச்சு ஒரு மாதிரியா வாங்கறார், வாங்கோ' என்றாள். அதற்கு முன் மூன்று தடவை அப்படி ஆகியிருந்தது. மூன்று தடவையும் நான் ஓடியிருக்கிறேன், மூன்று தடவையும் அப்பா எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டார். இதோ ஒரு பதிலை முடிச்சுட்டு வரேன் என்றேன். முடித்தேன். அன்றைய கேள்வி என்ன என்றுகூட ஞாபகம் இல்லை, பதில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பத்து ஐம்பதுக்குக் கிளம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கிருந்து திருவானைக்காவலுக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், பாலத்தைத் தாண்டினால் வீடு, மொத்தம் கால் மணி நேரம். ஒரு பஸ் வந்தது, கூட்டமாக இருந்தது, விட்டேன். அடுத்தது வந்தது. அதில் இடம் இருந்தது. ஜன்னலோர சீட் ஒன்று காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். புதுச்செருப்பு, கட்டைவிரல் பக்கம் கடித்தது, கழற்றி வைத்தேன். காலடியில் தரை சுட்டது, அது நன்றாக இருந்தது. வேலை இருந்ததால் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் சுத்தப் பொய். பயம். வேறொன்றுமில்லை, பயம். அப்பாவுடைய வாய் திறந்து கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த மூச்சை, அது ஒன்று வந்து அடுத்தது வராமல் நிற்கிற இடத்தை, பக்கத்தில் உட்கார்ந்து எண்ண எனக்கு முடியாது. ஐம்பது வயது ஆனவன், ஊருக்கெல்லாம் யமலோகம் எத்தனை காதம் என்று பதில் எழுதுகிறவன். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாள் என்னை இரண்டு தடவை பார்த்தாள். பதினொன்று இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. 'வீடு' என்று எழுத்து வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. லோகா சாதாரணமாக ஒரு தடவைக்கு மேல் அடிக்கமாட்டாள். அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் இன்னும் நன்றாக உட்கார்ந்தேன், இனிமேல் அவசரம் இல்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எத்தனை பஸ் போயிற்று என்று எண்ணவில்லை.

எங்கள் அப்பா சாம்பமூர்த்தி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம் ஆபீஸில் இருந்தவர். சங்கு ஊதினதும் கேட்டைப் பார்த்து உட்காருவார். ஊதி முடிந்த பிறகு வருகிறவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'லேட்'. திட்ட மாட்டார், காரணம் கேட்க மாட்டார், எழுதுவார், அவ்வளவுதான். அதே பழக்கம் வீட்டிலும். ஸ்கூல் விட்டு வந்தால் 'ஏழு நிமிஷம் லேட்'. என் கல்யாணத்தில் பஞ்சகச்சம் சரியாக வராமல் மணைக்கு வந்தபோது, காதோரமாக, 'நாலு நிமிஷம் லேட்டுடா'. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கடிகாரம். படுக்கையில் விழுந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார். நான் ஒரு மணிக்கு உள்ளே போனபோது அந்தக் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தேன், அவர் முகத்தை அல்ல. லோகா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஊரைக் கூட்டவில்லை, கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஈயம் வைத்து அடைத்த காசிச் சொம்பு ஒன்று பூஜை அலமாரியில் பதினைந்து வருஷமாக இருந்தது, அதன் வாய் கத்தியால் பிளந்து கிடந்தது. விளிம்பில் அவள் கை கிழித்திருக்க வேண்டும், விரலில் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்தாள். 'பதினொண்ணு இருபது' என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டரை மணிக்கு டாக்டர் வந்தார், சின்ன வயசுக்காரர். யார் சார் கூட இருந்தது என்று பொதுவாகக் கேட்டார். நான்தான் என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது உள்ளே, நான்தான் என்று சொல்ல. எத்தனை மணிக்கு என்றார். நான் ஒரு மணிக்குப் படியேறி வந்ததைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார், ஆகவே மரணம் ஒரு மணிக்கு அப்புறம் இருந்தாக வேண்டும். முன்னுக்குப் பின் முரண் வராமல் கதையைப் பொருத்துவது என் தொழில் அல்லவா. ஒன்று இருபது என்றேன். டாக்டர் அப்பாவின் கையை ஒரு தரம் தூக்கி வைத்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். லோகா கதவு நிலையில் நின்றிருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மறுநாள் நாக்பூரிலிருந்து ஜெயா அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்குத்தான் கொடுத்துவைக்கலை, நீயாவது இருந்தியேடா' என்று கதறினாள். அதற்கு மேல் திரும்ப வழி இல்லை. முதல் வருஷம் நான் இருந்தேன் என்பது மட்டும்தான் இருந்தது. இரண்டாவது வருஷம் தீர்த்தம் சேர்ந்துகொண்டது. ஐந்தாவது வருஷம் அக்கா கேட்டாள், ஏதாவது சொன்னாராடா என்று. வந்துட்டியான்னு கேட்டார்க்கா என்றேன். இப்போது எனக்கே அந்தக் குரல் கேட்கிறது. புராணம் இப்படித்தான் வளர்ந்திருக்கும், யாரோ ஒருவன் நேரத்துக்குப் போகாமல். இதில் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்றால், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதை அறிந்த ஒரே ஆள் பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறாள். அவளைக் கேட்க முடியாது. கேட்டால் நான் அங்கே இல்லை என்று ஆகிவிடும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்க முடியாது. பக்கத்தில் படுத்து, ஃபேன் சத்தத்தில், எத்தனையோ நாள் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது.

சுவரில் மாதக் காலண்டர். புதன் கட்டத்தில் சப்தமி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, வியாழனில் அஷ்டமி. ஜம்பு வாத்தியாருக்கு சப்தமி யார் சொல்லியிருப்பார்கள்? லோகா. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் போன் பண்ணியிருப்பாள், அப்பா போய்ட்டார், இவர் வந்ததும் அனுப்பறேன் என்று. அவர் சப்தமி என்று குறித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் போய் அஷ்டமி நேரத்தைச் சொன்னபோது, சரி என்று பழையதை அடித்துவிட்டு எழுதியிருக்கிறார். ஆக அவருக்கும் தெரியும். ஒவ்வொரு மாசியும் என் எதிரில் உட்கார்ந்து, இந்த வராக கல்பத்தில், இந்த மன்வந்தரத்தில், இருபத்தெட்டாவது கலியுகத்தில், முதல் பாதத்தில், இந்த வருஷத்தில், இந்த மாசத்தில் என்று பிரம்மாவின் ஆயுசிலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்து, கடைசியில் திதி என்கிற இடத்தில் அஷ்டம்யாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரு நொடி என்னைப் பார்ப்பார். நான் அதை வயசான மனிதரின் மூச்சு வாங்கல் என்று நினைத்தேன். கோடி வருஷத்துக் கணக்கெல்லாம் சரி, ஒரு நாள்தான் தப்பு. புதன் கட்டத்தையே பார்க்கிறேன். தெவசத்துக்கு முதல் நாள். முதல் நாள் நான் ஒருவேளைதான் சாப்பிட வேண்டும், சாப்பிடுவேன். லோகாவுக்கு அந்த நியமம் இல்லை. ஆனால் போன வருஷம் முதல் நாள் அவள் சாப்பிடவில்லை, வயிறு மந்தமா இருக்கு என்றாள். அதற்கு முந்தின வருஷம் தலைவலி. அதற்கு முன்பு ஏதோ நெஞ்சைக் கரிக்கிறது என்றாள், நான் ஜெலுசில் வாங்கி வந்தேன். ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல், முதல் நாள் லீவு போட்டு வீட்டில் கிடந்தேன். பதினொன்றரை இருக்கும், அவள் பின்பக்க மொட்டைமாடிக்குப் போகும் சத்தம் கேட்டது, பிறகு காக்கையை அழைக்கிற சத்தம். தண்ணீர் குடிக்க எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் கிழிந்த வாழையிலை, அதில் சாதம், வாழைக்காய்க் கறி, உளுந்து வடை ஒன்று. நாளைக்குச் சமையல் மாமி வரும்போது இன்றைக்கே என்ன வடை என்று நினைத்தேன், அதோடு தூங்கிவிட்டேன். கடவுளே. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு தெவசம் நடந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு, மந்திரம் தெரியாமல், சரியான நாளில், அவள் செய்தது ஒன்று.

மணி பதினொன்று பத்து. போனை எடுத்தேன். வீட்டுக்குப் போட்டேன். அவள்தான் எடுத்தாள், பின்னால் குக்கர் சத்தம். 'என்ன, இந்த நேரத்துல?' என்றாள். 'லோகா, ஹரீஷ் வாத்தியார் கேக்கறான். சப்தமியா அஷ்டமியான்னு.' அந்தப் பக்கம் அடுப்பை அணைத்தாள், குக்கர் அடங்கியது. 'என்ன சொல்லப்போறேள்?' என்றாள், உப்பு போட்டாச்சா என்று கேட்கிற குரலில். ஃபேன் சுற்றுகிறது, கடிதம் படபடக்கிறது, அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். 'பதினொண்ணு இருபதுன்னு சொல்லப்போறேன்' என்றேன்.  அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, 'சொல்லிடுங்கோ' என்றாள், 'மாமியை நான் கூப்பிட்டுச் சொல்லிடறேன்.' வைத்துவிடுவாள் போலிருந்தது. லோகா என்றேன். லோகா, அப்பா என்ன சொன்னார்? கேட்டே விட்டேன், அவ்வளவு சுலபமாக இருந்தது. 'இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறேளே' என்றாள். கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. 'உங்க அக்காகிட்ட வந்துட்டியான்னு கேட்டார்னு சொன்னேளே, அது வாஸ்தவம்தான். என்னைத்தான் கேட்டார். வந்துட்டானா, வந்துட்டானா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம். கண்ணு கடியாரத்தை விட்டு நகரலை. எனக்குத் தாங்கலை. பொய் சொன்னேன். வந்துட்டார்ப்பா, வாசல்ல செருப்பைக் கழட்டிண்டிருக்கார்னு சொன்னேன். மணி என்னன்னார். பதினொண்ணேகால்னேன். சரி, லேட் போடாதேன்னார். அவ்வளவுதான். தீர்த்தத்தை விட்டேன், முழுங்கினார். அப்புறம் கேக்கலை.' மூக்கை உறிஞ்சினாள். 'உங்ககிட்ட எப்படிச் சொல்றது, நீங்கதான் பக்கத்துலயே இருந்தேளே.' வைத்துவிட்டாள்.

போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அழ வேண்டும் போலிருக்கிறது, வரவில்லை. அதற்குள் என் புத்தி தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, பாழாய்ப்போன புத்தி, இது அன்றைக்கு நடந்ததா, இல்லை இவன் கிடந்து தவிக்கிறானே என்று இப்போது அடுப்படியில் நின்று அவள் சேர்த்ததா என்று கேட்கிறது. அப்பாவிடம் சமாதானத்துக்குப் பொய் சொன்னவள் என்னிடம் சொல்ல மாட்டாளா? ஆனால் பதினோரு வருஷம் வெறும் வயிறாக இருந்தவள் அவள். எது நிஜம் என்று மணப்பாறையிலிருந்து கேட்கிறார். நான் இனி யாரைப் போய்க் கேட்பேன். ஹரீஷுக்கு எழுதினேன், 'காலை பதினொன்று இருபது. சப்தமி. புதன்கிழமை வையுங்கள்.' உடனே கட்டைவிரல் படம் ஒன்று வந்து விழுந்தது. மெஹரு கதவில் சாய்ந்து, 'சார், என்ன ஆச்சு, மொகம் ஒரு மாதிரி இருக்கு. பதில் இல்லாட்டி பரவால்ல, ஒரு அம்மன் படத்தைப் பெருசா போட்டு ரொப்பிடறேன்' என்றாள். போடும்மா என்றேன். சின்னக்கண்ணு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். லேட் போடாதே. வாசலில் மகன் செருப்பைக் கழற்றுகிறான் என்று கேட்டுவிட்டு அப்பா கண்ணை மூடியிருக்கிறார், அவருக்கு நான் வந்துவிட்டேன். மணியைப் பார்த்தேன், பதினொன்றே காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அன்று இதே பதினொன்றே காலுக்கு நான் செருப்பைக் கழற்றிவைத்திருந்தது நிஜம்தான். இடம்தான் வேறு.